ஜேம்ஸ்டவுன், 1607–1610: தண்ணியும் சோளமும் யாரோட பொறுப்புன்னே முடிவு பண்ணாம ஆரம்பிச்ச ஒரு குடியேற்றம் (நிகழ்வு ஆய்வு)

அமெரிக்காவுல வர்ஜீனியாவுல இங்கிலீஷ்காரங்க போட்ட குடியேற்றம் ஜேம்ஸ்டவுன். அதைப் பத்தி பேச்சு வந்தா எல்லாரும் சொல்ற காரணம் ஒண்ணுதான், வந்தவங்கள்ல பாதிப்பேர் பெரிய வீட்டுப் பிள்ளைங்க, மண்வெட்டி பிடிக்கத் தெரியாது, சோம்பேறிங்க, அதான் செத்தாங்கன்னு. அதுல கொஞ்சம் உண்மை இருக்கு. ஆனா முதல் மூணு வருஷத்தை மாசம் மாசமா எடுத்துப் பாத்தா வேற ஒரு படம் தெரியுது: எங்க இறங்கணும், எந்தத் தண்ணி குடிக்கணும், சோத்துக்கு யாரை நம்பணும்னு எடுத்த முடிவுகள்தான் சோம்பேறித்தனத்தை விட நிறைய பேரைக் கொன்னுச்சு. அந்த முடிவுகளை வரிசையா பாக்கறதுதான் இந்த ஆய்வு. அங்க இருந்தவங்கள்ல ஜான் ஸ்மித்தையும், அந்தப் பகுதிப் பூர்வகுடித் தலைவர் பவ்ஹாட்டனையும் தவிர மத்தவங்களை அவங்க பொறுப்பை வச்சே சொல்லியிருக்கேன். தேதிகள் அந்தக் காலத்து இங்கிலீஷ் காலண்டர்படி.

பின்னணி

1606 ஏப்ரல்ல இங்கிலாந்து ராஜா முதலாம் ஜேம்ஸ், வர்ஜீனியா கம்பெனிக்கு சாசனம் குடுத்தார். இது பங்கு போட்டு நடத்தின கம்பெனி, லண்டன் வியாபாரிங்க பணம் போட்டாங்க, லாபம் வரணும், அதுக்குத்தான் ஆள் அனுப்பினாங்க. நம்ம ஊருக்கு வந்த கிழக்கிந்திய கம்பெனியோட முதல் கவர்னரா இருந்த தாமஸ் ஸ்மைத்தான் இந்தக் கம்பெனிக்கும் பொருளாளரா லண்டன்ல உக்காந்து நிர்வாகம் பண்ணார், அதனால ரெண்டு கம்பெனியும் ஒரே மாதிரி யோசிச்சதுல ஆச்சரியம் ஒண்ணும் இல்ல.

எதிர்பார்ப்பு என்னன்னா தங்கம், இல்லன்னா பசிபிக் கடலுக்குப் போற குறுக்கு வழி, ரெண்டும் இல்லன்னா மரம், தார், கண்ணாடி மாதிரி ஏதாவது சரக்கு. போறவங்க நிலச் சொந்தக்காரங்க இல்ல. 7 வருஷத்துக்கு உழைப்பு, விளைச்சல், சரக்கு எல்லாம் பொதுக் கணக்கு, சாப்பாடு பொது ஸ்டோர்ல இருந்து. யார் எவ்வளவு உழைச்சாலும் தட்டுல விழறது ஒண்ணுதான்.

1606 டிசம்பர் 20 லண்டன்ல இருந்து சூசன் கான்ஸ்டன்ட், காட்ஸ்பீட், டிஸ்கவரின்னு மூணு கப்பல் கிளம்புச்சு. எதிர்காத்துல மாட்டி பல வாரம் இங்கிலாந்து கரை ஓரமாவே நின்னாங்க, அந்த வாரம் எல்லாம் கொண்டு வந்த சாப்பாடுதான் கரைஞ்சுச்சு. கேனரி தீவு, கரீபியன் வழியா சுத்தி 1607 ஏப்ரல் 26 செசபீக் விரிகுடா வாயிலுக்கு வந்தாங்க. குடியேற வந்தவங்க நூத்தி நாலோ அஞ்சோ, எல்லாம் ஆம்பளைங்களும் பையன்களும்தான், ஒரு பொம்பள கூட இல்ல. தச்சர் நாலு பேர், கொத்தனார், கொல்லர், தையல்காரர், முடி வெட்டறவர், டாக்டர், கூலியாள் பன்னெண்டு பேர், அப்புறம் பாதிக்குப் பாதி பரம்பரை கௌரவம் உள்ள ஆளுங்க. மீன் பிடிக்கிறதையே தொழிலா வச்சிருந்தவங்கன்னு சொல்லிக்கிற மாதிரி யாரும் இல்ல, கடல் ஓரமா, மீன் துள்ற ஆத்துக்கு வந்த கூட்டத்துக்கு இது.

ஆட்சிக்குழுவுல யார் யாருங்கிற பேர் லிஸ்ட்டை கம்பெனி சீல் வச்ச பெட்டியில போட்டு அனுப்பியிருந்துச்சு, கரை சேந்தப்புறம்தான் திறக்கணும். நாலு மாச பயணத்துல யாருக்கு அதிகாரம்னு தெரியாம சண்டை போட்டுக்கிட்டே வந்தாங்க. பெட்டியைத் திறந்தா ஏழு பேர்ல ஒருத்தன் பேர் ஜான் ஸ்மித், அவனையோ கலகம் பண்றான்னு சொல்லி நடுவழியிலேயே காவல்ல வச்சிருந்தாங்க.

முதல் முடிவு: எங்க இறங்கறது

கம்பெனி கையில எழுதிக் குடுத்த அறிவுரை ஒண்ணு இருந்துச்சு, படிச்சா நிஜமாவே நல்ல அறிவுரை. தாழ்வான ஈரமான இடத்துல குடியேறாதீங்க, உடம்புக்கு ஆகாது. அந்த ஊர் ஜனங்க ஆரோக்கியமா இருக்காங்களான்னு பாத்து காத்து தண்ணி எப்படின்னு முடிவு பண்ணுங்க. முதல் வேலை சாப்பாட்டு ஸ்டோர் கட்டறது. 40 பேர் கோட்டை கட்டட்டும், 30 பேர் நிலம் திருத்தி விதைக்கட்டும், 10 பேர் ஆத்து வாய்ல காவல் நிக்கட்டும், 40 பேர் சுத்திப் பாக்கப் போகட்டும். முதல் வருஷம் உங்க விதை முளைக்குமான்னு தெரியாது, அதனால நீங்க தங்கத்தான் வந்திருக்கீங்கன்னு அந்த ஊர்க்காரங்களுக்குத் தெரியறதுக்கு முன்னாடியே சோளம் வாங்கி வச்சுக்கோங்க.

அதே பேப்பர்ல இன்னொரு கவலையும் இருந்துச்சு. ஸ்பெயின்காரன் வந்து அடிச்சா என்ன பண்றது? அதனால கடல்ல இருந்து உள்ள தள்ளி, ஆத்து மேல, பெரிய கப்பல் கரை வரைக்கும் வர்ற இடமா பாருங்கன்னு சொல்லியிருந்தாங்க.

மே 12 அன்னைக்கு ஒரு நல்ல இடம் பாத்தாங்க, மண்ணு நல்லா இருந்துச்சு, வேட்டை இருந்துச்சு, ஆனா கப்பல் கரைக்கு கிட்ட வர முடியல, விட்டுட்டாங்க. மறுநாள் இன்னொரு இடம், அங்க கரை ஓரத்துலயே ஆறு பாகம் (36 அடி) ஆழம், கப்பலை நேரா மரத்துல கட்டலாம். மூணு பக்கம் தண்ணி, ஒரு பக்கம் ஒல்லியா ஒரு நிலத் துண்டு, பாதுகாக்க வசதி, முக்கியமா யாரும் குடி இல்ல. இங்கதான் ஜேம்ஸ்டவுன்.

யாரும் குடி இல்லங்கிறதை நல்ல விஷயமா எடுத்துக்கிட்டாங்க. அந்தப் பகுதி பாஸ்பஹே ஜனங்களோடது, அவங்க அங்க வேட்டைக்கு வருவாங்க போவாங்க, வீடு கட்டி இருந்தது வேற இடத்துல. பாதி சதுப்பு, ஊத்து கிடையாது, கொசு. ஊர்க்காரங்களே குடியிருக்காத இடம் ஏன் காலியா கிடக்குதுன்னு யாராவது நின்னு யோசிச்சிருந்தா கம்பெனி பேப்பர்லயே பதில் இருந்துச்சு. கப்பல் நிக்கிற ஆழமும் ஸ்பெயின் பயமும் ஜெயிச்சுச்சு, தண்ணி தோத்துச்சு. இத்தனைக்கும் ஸ்பெயின்காரன் கடைசி வரைக்கும் ஜேம்ஸ்டவுன் மேல படையெடுத்து வரவே இல்ல.

முதல் கோடை: என்ன நடந்துச்சு

மே 26 ஊர்க்காரங்க தாக்கினாங்க, அப்பதான் பயந்து போய் கோட்டை வேலை வேகம் பிடிச்சுச்சு. மே கடைசி, ஜூன் முதல் வாரம், அந்த வெயில்ல, மரம் வெட்டி, அறுத்து, குழி தோண்டி நட்டு, ஜூன் 15க்குள்ள முக்கோண வடிவத்துல வேலி முடிஞ்சிருச்சு. ஆத்துப் பக்கம் 420 அடி, மத்த ரெண்டு பக்கமும் 300 அடி, மூணு மூலையிலயும் பீரங்கி மேடை. சோம்பேறிங்கன்னு சொல்றவங்க இந்த மூணு வாரத்தையும் கணக்குல எடுக்கணும். நடுவுல கொஞ்சம் கோதுமையும் விதைச்சாங்க, ஆள் உயரம் வந்துச்சுன்னு ஒருத்தர் எழுதி வச்சிருக்கார். ஆனா கிணறு மட்டும் தோண்டல. ஆறுதான் பக்கத்துலயே ஓடுதே.

ஜூன் 22 கப்பல் தளபதி ரெண்டு பெரிய கப்பலோட இங்கிலாந்து திரும்பிட்டார். கப்பல் நின்ன வரைக்கும் மாலுமிங்ககிட்ட பிஸ்கட்டு கிடைச்சுச்சு, காசுக்கோ தோலுக்கோ வித்தாங்க. போனப்புறம் பொது ஸ்டோர் மட்டும்தான். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு அரை பைண்ட் கோதுமை, அரை பைண்ட் பார்லி, தண்ணியில வேக வச்சது, அவ்ளோதான். அந்த தானியம் 26 வாரம் கப்பல் அடித்தட்டுல கிடந்தது, தானியம் எத்தனையோ புழு அத்தனைன்னு ஸ்மித் எழுதியிருக்கான். கொஞ்ச நாள்ல அதுவும் குறைஞ்சு, அஞ்சு பேருக்கு ஒரு சின்ன கேன் பார்லிக் கஞ்சின்னு ஆச்சு.

குடிச்ச தண்ணிதான் இந்த நிகழ்வோட மையம். ஜேம்ஸ் ஆறு அந்த இடத்துல கடல் ஏத்த வத்தத்துக்கு ஆடுது. வசந்த காலத்துல மேல இருந்து நல்ல தண்ணி தள்ளிக்கிட்டு வர்றதால இறங்கினப்ப வித்தியாசம் தெரியல. ஜூலைல ஆத்து வரத்து குறைஞ்சதும் உப்புத் தண்ணி மேல ஏறி வந்துருச்சு, நல்ல தண்ணியும் உப்புத் தண்ணியும் சந்திக்கிற அந்த எல்லை சரியா கோட்டை வாசல்ல நின்னுச்சு. அங்க கழிவு எதுவும் கடலுக்குப் போகாது, ஏத்தத்துல மேல போகும், வத்தத்துல கீழ வரும், அங்கேயே சுத்தும். கோட்டைக்குள்ள இருந்த ஒருத்தரே குறிச்சு வச்சிருக்கார், ஏத்தத்துல தண்ணி ஒரே உப்பு, வத்தத்துல சேறும் அசிங்கமும்னு. காரணம் கண்ணுக்கு முன்னாடியே இருந்துச்சு, அவர் அதை எழுதவும் செஞ்சார், ஆனா அதே தண்ணியைத்தான் தொடர்ந்து குடிச்சாங்க.

ஆகஸ்ட் 6 முதல் சாவு குறிப்பு, ரத்தபேதி. அப்புறம் தினம் ஒண்ணு ரெண்டுன்னு பேர் வருது, வீக்கம், காய்ச்சல், அம்புக் காயம், வெறும் பசி. ஆகஸ்ட் 22 கப்பல் கேப்டன்கள்ல ஒருத்தர் போயிட்டார், அவர்தான் இந்தப் பயணத்துக்கே மூல காரணமா இருந்தவர். ஒரு ராத்திரியில மூணு நாலு பேர் சாவாங்க, காலையில குடிசையில இருந்து இழுத்துட்டுப் போய் புதைப்பாங்கன்னு எழுதியிருக்கு. செப்டம்பருக்குள்ள கிட்டத்தட்ட பாதிப்பேர் முடிஞ்சாச்சு. பின்னால ஆராய்ச்சி பண்ணவங்க டைஃபாய்டு, சீதபேதி, உப்புத் தண்ணியால வந்த விஷம்னு சொல்றாங்க, அந்த வீக்கமும் எரிச்சலும் சோர்வும் உப்பு ஏறினதுக்கு நல்லா பொருந்துது. வேலை செய்யாம படுத்துக் கிடந்தாங்கங்கிற குற்றச்சாட்டுல எவ்வளவு சோம்பல், எவ்வளவு நோய்னு பிரிச்சுப் பாக்க இது உதவுது.

செப்டம்பர்ல முதல் தலைவரை இறக்கினாங்க, நல்ல சாப்பாட்டை அவர் மட்டும் பதுக்கி வச்சுக்கிட்டார்னு குற்றச்சாட்டு. அதே சமயம் யாரும் எதிர்பாக்காதது நடந்துச்சு, சுத்தி இருந்த ஊர்க்காரங்களே ரொட்டி, சோளம், மீன், கறின்னு கொண்டு வந்து குடுத்தாங்க. அது வரலன்னா அந்த வருஷமே கதை முடிஞ்சிருக்கும்.

ரெண்டாவது முடிவு: சோளத்தை அடுத்தவன்கிட்ட வாங்கிக்கலாம்

அந்த உதவி உயிரைக் காப்பாத்துச்சு, கூடவே ஒரு தப்பான பழக்கத்தையும் குடுத்துட்டுப் போச்சு. இதுக்கப்புறம் சாப்பாடுன்னா படகை எடுத்துட்டுப் போய் செம்பும் பாசிமணியும் குடுத்து மக்காச்சோளம் வாங்கிட்டு வர்றதுன்னு ஆயிருச்சு. வாங்கப் போனதுல பெரும்பாலும் ஸ்மித்தான், அந்த விஷயத்துல கெட்டிக்காரன்.

விக்கிற பக்கம் யார் இருந்தாங்கன்னு பாக்கணும். பவ்ஹாட்டன் சுமார் 30 இனக்குழுக்களுக்குத் தலைவர், அவர் ஆட்சிக்குள்ள பதினாலாயிரம் பதினஞ்சாயிரம் பேர் இருந்தாங்க. அங்க விவசாயம் பெண்கள் கையில, சோளம், பீன்ஸ், பூசணி ஒண்ணா போட்டு விளைய வைப்பாங்க, வருஷம் பூரா வித்துட்டே இருக்கற அளவுக்கு மிச்சம் இருக்காது, வசந்த காலத்துல அவங்களே மீனும் கிழங்கும் தேடி வேற இடத்துக்குப் போறவங்க. இது போதாதுன்னு பஞ்சம் வேற. பழைய சைப்ரஸ் மரங்களோட வளையத்தை எண்ணி 1998ல வெளியிட்ட ஆராய்ச்சிப்படி 1606ல இருந்து 1612 வரைக்கும் அந்தப் பகுதியில 770 வருஷத்துல இல்லாத வறட்சி. ஆத்துல உப்பு அவ்வளவு ஏறினதுக்கும் இதுதான் ஒரு காரணம். அப்ப யாருக்கும் இந்தக் கணக்கு தெரியாது, ஆனா சோளக்காட்டைப் பாத்திருந்தா விக்கிறவனுக்கே இல்லன்னு தெரிஞ்சிருக்கும். கேட்டா இல்லம்பாங்க, உடனே துப்பாக்கியைக் காட்டி எடுத்துட்டு வருவாங்க, அடுத்த தடவை ஊரே காலியா இருக்கும்.

1608 ஜனவரியில சப்ளை கப்பல் வந்தப்ப 38 பேர் மிச்சம். புதுசா நூறு பேர் இறங்கினாங்க. சில நாள்லயே தீப்பிடிச்சு ஸ்டோர், வீடு எல்லாம் எரிஞ்சு போச்சு, கூரை நாணல்தானே. அந்த நிலைமையில வந்த நூறு பேர்ல நகைத் தொழில்காரங்க, தங்கம் சுத்தம் பண்றவங்க, வாசனைத் திரவியம் பண்ற ஒருத்தர் கூட இருந்தாங்க. ஆத்தங்கரையில மினுமினுக்கிற மண்ணைப் பாத்ததும் எல்லாரும் அதைத் தோண்ட ஆரம்பிச்சாங்க. 14 நாள்ல கிளம்ப வேண்டிய கப்பல் 14 வாரம் நின்னு மண்ணை ஏத்துச்சு, அந்த 14 வாரமும் மாலுமிங்க கரையில இருந்தவங்க சாப்பாட்டைத்தான் சாப்பிட்டாங்க. ஏத்தினது அத்தனையும் காக்காப்பொன் மாதிரி ஒண்ணுக்கும் உதவாத சரக்கு. இன்னொரு பக்கம் மாலுமிங்க சொந்தமா செம்பு வித்து விலையைக் கெடுத்துட்டாங்க, நேத்து ஒரு துண்டு செம்புக்குக் கிடைச்ச சோளத்துக்கு இன்னைக்கு பல மடங்கு செம்பு கேட்டாங்க.

அந்த வருஷக் கடைசியில ரெண்டாவது சப்ளை, 70 பேர், அதுல முதல் தடவையா ரெண்டு பெண்கள், ஒரு அம்மாவும் அவங்க வேலைக்காரப் பொண்ணும். கண்ணாடி, தார் பண்றதுக்கு ஜெர்மன், போலந்து தொழிலாளிங்களும் வந்தாங்க. கம்பெனியோட உத்தரவு: தங்கக் கட்டி ஒண்ணு கொண்டு வா, இல்ல பசிபிக்குக்கு வழி கண்டுபிடி, இல்ல முன்னாடி ரோனோக் தீவுல குடியேறிக் காணாம போன இங்கிலீஷ்காரங்கள்ல ஒருத்தரையாவது கண்டுபிடி. பவ்ஹாட்டனுக்கு கிரீடம் வேற வைக்கணுமாம். அப்ப தலைவரா இருந்த ஸ்மித் பதில் லெட்டர் எழுதினான், இப்ப இருக்கற மாதிரி ஆளு ஆயிரம் பேர் வேண்டாம், தச்சன், விவசாயி, தோட்டக்காரன், மீன்காரன், கொல்லன், கொத்தன், மரவேர் தோண்டறவன்னு சரியான சாமானோட 30 பேரை அனுப்புங்கன்னு. இந்த மூணு வருஷத்துல கள நிலவரத்தை லண்டனுக்கு யாராவது நேரா சொன்னது இதுதான்னு எனக்குப் படுது.

சரியா போன காலம்

1608 செப்டம்பர்ல இருந்து ஒரு வருஷம் ஸ்மித் தலைவர். ஆள் தன்னைப் பத்தி பீத்திக்கிறவன், அவன் எழுதினதை அப்படியே நம்ப முடியாது, ஆனா அந்தக் காலத்துல சாவு குறைஞ்சது உண்மை. வேலை செய்யாதவனுக்கு சோறு இல்லன்னு சட்டம் போட்டான், நோயாளிக்கு மட்டும் விலக்கு. பிரபலமானது இந்தச் சட்டம்தான். என்னைக் கேட்டா அதை விட முக்கியமான மூணு வேலை நடந்துச்சு, அது யார் கண்ணுலயும் படறதில்ல.

ஒண்ணு, கோட்டைக்குள்ள கிணறு தோண்டினாங்க. வந்து இறங்கி கிட்டத்தட்ட ரெண்டு வருஷம் கழிச்சு! நல்ல இனிப்பான தண்ணின்னு எழுதி வச்சிருக்காங்க. அடுத்தது நிலம், 30 - 40 ஏக்கர் திருத்தி விதைச்சாங்க, எப்படி நடணும்னு சொல்லிக் குடுத்தது கைதியா பிடிச்சு வச்சிருந்த ரெண்டு ஊர்க்காரங்க, விலங்கு மாட்டி வச்சே கத்துக்கிட்டாங்க. மூணு பெண் பன்னி ஒன்றரை வருஷத்துல அறுபது சொச்சம் ஆச்சு.

மூணாவதுதான் பெரிசு. 1609 வசந்தத்துல பொது ஸ்டோரைத் திறந்து பாத்தா பீப்பாய்ல இருந்த சோளம் பாதி அழுகி, மீதியை எலி தின்னுருச்சு. அந்த எலி இங்கிலீஷ் கப்பல்ல வந்த எலி. ஸ்டோர் காலின்னு தெரிஞ்சதும் எல்லாரையும் ஒரே கோட்டைக்குள்ள வச்சு சாகடிக்காம பிரிச்சு அனுப்பினான். ஒரு கூட்டம் ஆத்துக்குக் கீழ சிப்பித் திட்டுக்கு, ஒரு கூட்டம் பாயிண்ட் கம்ஃபர்ட்டுக்கு மீன் பிடிக்க, ஒரு கூட்டம் மேல அருவிப் பக்கம். கோட்டையில இருந்தவங்களுக்கு ஆத்துல ஸ்டர்ஜன் மீன் நாய்க்கும் மனுஷனுக்கும் தின்னு மாளாத அளவு கிடைச்சுச்சு. அதைக் காய வச்சு இடிச்சு, மீன் முட்டையும் புளிப்புக் கீரையும் சேத்துப் பிசைஞ்சு ரொட்டி மாதிரி தட்டினாங்க. டக்கஹோன்னு ஒரு சதுப்புக் கிழங்கையும் இடிச்சு மாவாக்கினாங்க. சுவையா இருந்திருக்காதுதான். ஆனா அந்தக் கோடையில பட்டினிச் சாவு ரொம்பக் கம்மி.

1609–10 குளிர்காலம்

1609ல கம்பெனி பெரிசா பண்ணலாம்னு ஒன்பது கப்பல், சுமார் 500 பேர்னு அனுப்புச்சு. புது கவர்னர், தளபதி, உத்தரவுப் பத்திரம், சாப்பாட்டுல பெரிய பங்கு எல்லாத்தையும் சீ வெஞ்சர்ங்கிற ஒரே கப்பல்ல ஏத்துனாங்க. ஜூலையில புயல் அடிச்சு அந்தக் கப்பல் பெர்முடாவுல பாறை மேல ஏறி நின்னுருச்சு. மத்த கப்பல்கள் ஆகஸ்ட்ல தள்ளாடி வந்து சேந்துச்சு, நனைஞ்சு கெட்டுப்போன சாமானோட, நோயோட, தலைமை இல்லாத நூத்துக்கணக்கான ஆளோட, அதுவும் விதைப்பு சீசன் முடிஞ்சப்புறம்.

வந்தவங்களுக்கும் ஸ்மித்துக்கும் ஒத்துப்போகல. பிரிச்சு அனுப்பற பழைய முறையை இப்பவும் செஞ்சு பாத்தான், ஆனா இந்தத் தடவை அனுப்பின கூட்டங்க ஊர்க்காரங்களோட அடிச்சுக்கிட்டு ஆளை இழந்து திரும்ப கோட்டைக்கே ஓடி வந்துச்சு. செப்டம்பர்ல படகுல தூங்கினப்ப மடியில இருந்த வெடிமருந்துப் பை தீப்பிடிச்சு ஸ்மித்துக்குப் பலமா காயம், அக்டோபர்ல இங்கிலாந்து போயிட்டான். அடுத்த தலைவர் நல்ல குடும்பத்து ஆளு, அவரே நோயாளி.

பவ்ஹாட்டன் இப்ப வியாபாரத்தை நிறுத்திட்டார். சோளம் தர்றேன்னு கூப்பிட்ட இடத்துக்கு ஆட்சிக்குழு ஆள் ஒருத்தர் ஒரு கூட்டத்தோட போனார், சிலர் மட்டும்தான் திரும்பி வந்தாங்க. வேற ஒரு கேப்டன் கப்பல்ல மேல போய் சோளம் நிறைய பிடுங்கிட்டு வந்தார், கோட்டையில பசின்னு தெரிஞ்சும் அப்படியே பாய் விரிச்சு இங்கிலாந்துக்குப் போயிட்டார். கோட்டையை விட்டு வெளிய வந்தவனை அடிச்சாங்க, எதிர்த்தாப்புல தீவுல விட்டிருந்த பன்னிகளையும் கொன்னுட்டாங்க. மீன் வலையை யாரும் பராமரிக்காம அழுகிப் போச்சு, குளிர்ல ஸ்டர்ஜனும் இல்ல.

முதல்ல குதிரை. அப்புறம் நாய், பூனை, எலி, பாம்பு. பூட்ஸ் தோலை வேக வச்சாங்க, சட்டைக் காலருக்குப் போடற கஞ்சி மாவைக் கூட கரைச்சுக் குடிச்சாங்க. அதுக்கப்புறம் புதைச்சதைத் தோண்டி எடுத்துத் தின்னாங்கன்னு ஸ்மித்துக்கு அடுத்து வந்த தலைவரே எழுதியிருக்கார். ரொம்ப நாள் இதை மிகைன்னு சொன்னவங்க உண்டு. 2012ல கோட்டையில ஒரு நிலவறைக் குழியில, நாய், குதிரை எலும்போட சேந்து ஒரு பொண்ணோட மண்டை ஓடு கிடைச்சுச்சு, இங்கிலாந்துல இருந்து வந்தவ, வயசு 14 இருக்கும். நெத்தியில முதல்ல தயங்கித் தயங்கிப் போட்ட நாலு வெட்டு, ஆழம் இல்ல. அப்புறம் பின் மண்டையில பலமான வெட்டு. செத்தப்புறம் வெட்டினதுன்னு 2013ல அறிவிச்சாங்க, கறி வெட்டிப் பழக்கமில்லாத கைன்னு அந்தக் கோடுங்களே சொல்லுது.

இலையுதிர் காலத்துல மொத்தக் குடியேற்றத்துலயும் சுமார் 500 பேர். 1610 மே மாசம் கோட்டையில உயிரோட இருந்தது 60 பேர் அளவு.

விளைவு

பெர்முடாவுல மாட்டினவங்க அங்க இருந்த தேவதாரு மரத்தையும் உடைஞ்ச கப்பல் சாமானையும் வச்சு ரெண்டு சின்ன கப்பல் கட்டி மே கடைசியில ஜேம்ஸ்டவுன் வந்தாங்க. இருக்கற சாப்பாடு 16 நாளைக்குத்தான் வரும்னு கணக்குப் போட்டு, ஊரையே கைவிட முடிவு பண்ணாங்க. ஜூன் 7 எல்லாரும் கப்பல் ஏறினாங்க, போற போக்குல கோட்டையைக் கொளுத்தப் பாத்தவங்களை கவர்னர் கடைசி ஆளா நின்னு தடுத்தார். மறுநாள் ஆத்துக்குக் கீழ ஒரு படகு எதிர்ல வந்துச்சு, இங்கிலாந்துல இருந்து இன்னொரு புது கவர்னர் 150 பேரோட, சாப்பாட்டோட விரிகுடாவுக்கு வந்துட்டார்னு சேதி. திரும்பி வந்தாங்க.

அதுக்கப்புறம் ராணுவச் சட்டம். கொடூரமான சட்டம்தான், சோளக்கதிர் திருடினா சாவு வரைக்கும் போகும். ஆனா அதுல ஒரு விதியைப் படிச்சா மூணு வருஷ சாவுக்குக் காரணம் யாருக்கோ புரிஞ்சிருக்குன்னு தெரியுது: வேலிக்குள்ளயோ வேலியில இருந்து 40 அடிக்குள்ளயோ அழுக்குத் துணி துவைச்சு தண்ணி ஊத்தக் கூடாது, கிணத்துக்கு 20 அடிக்குள்ள பாத்திரம் கழுவக் கூடாது, கோட்டையில இருந்து கால் மைலுக்குள்ள மலஜலம் கழிக்கக் கூடாது.

1614 வாக்குல பழைய ஆளுங்களுக்கு தலைக்கு மூணு ஏக்கர் சொந்தமா பயிர் பண்ணக் குடுத்தாங்க, வருஷத்துக்கு ரெண்டரை பீப்பாய் சோளம் ஸ்டோருக்குக் குத்தகை. பொதுக் கணக்குல 30 பேர் விளைய வச்சதை இப்ப மூணு பேர் விளைய வைக்கிறாங்கன்னு அங்க இருந்த அதிகாரி ஒருத்தர் எழுதினார். வடக்க பிளிமத்ங்கிற இன்னொரு இங்கிலீஷ் குடியேற்றத்துலயும் 1623ல இதே மாதிரி குடும்பத்துக்குக் குடும்பம் நிலம் பிரிச்சுக் குடுத்தாங்க. ஆனா அதே சமயம் புகையிலை வந்துருச்சு, 1612ல பயிர் பண்ணிப் பாத்தது, 1617ல ஜேம்ஸ்டவுன் தெருவுலயும் சந்தைத் திடல்லயும் கூட புகையிலைதான் நின்னுச்சு. ஆளுக்கு ரெண்டு ஏக்கர் சோளம் போட்டே ஆகணும்னு தனியா சட்டம் போட வேண்டி வந்துச்சு. புகையிலைக்கு நிலம் வேணும், அது ஊர்க்காரங்ககிட்ட இருந்து போச்சு, 1622 மார்ச் 22 அவங்க தாக்கினதுல 347 பேர் செத்தாங்க. புகையிலைக்கு ஆள் வேணும், 1619 ஆகஸ்ட்ல இருபது சொச்சம் ஆப்பிரிக்கர்களைக் கொண்டு வந்து சாப்பாட்டுக்கு மாத்தி இறக்கினாங்க. 1624ல கம்பெனியைக் கலைச்சு ராஜாவே எடுத்துக்கிட்டார். 1625 கணக்கெடுப்புல இருந்தது சுமார் 1,200 பேர், அதுவரைக்கும் கப்பல் ஏத்தி அனுப்பினது இதைப் போல பல மடங்கு.

என்ன மாத்தியிருக்கலாம்

இடத்தை மாத்தியிருக்கலாம்னு சொல்றது சுலபம், 1607 மே மாசம் ஸ்பெயின் பயம் அவங்களுக்கு நிஜம், ஃப்ளோரிடாவுல ஃபிரெஞ்சுக்காரங்க கோட்டையை ஸ்பெயின் 1565ல அழிச்சது எல்லாருக்கும் தெரியும். அதனால அந்த முடிவை நான் முழுத் தப்புன்னு சொல்ல மாட்டேன். ஆனா கிணறு வேற விஷயம். மூணு வாரத்துல அவ்வளவு நீள வேலி நட்ட கை, ஜூன் 16 அன்னைக்கு ஒரு கிணறு தோண்டியிருக்கலாம். தோண்டின குழிக்கெல்லாம் அடியில ஈரம் கசிஞ்சிருக்கும்ல, தண்ணி அங்க ஆழத்துல இல்ல. கிணத்துத் தண்ணியும் வறட்சியில உப்பு தட்டும்தான், இருந்தாலும் ஆகஸ்ட் மாச ஆத்துத் தண்ணியை விட மேல்.

ரெண்டாவது, ஆள் தேர்வு. பொற்கொல்லனுக்குப் பதிலா பத்து மீன்காரன், வலை பின்னத் தெரிஞ்சவன். ஸ்மித் லெட்டர் லண்டனுக்குப் போய்ச் சேந்தப்புறமும் சுமார் 500 பேரைக் கப்பல் ஏத்தி அனுப்பினாங்கங்கிறதுதான் எனக்கு இதுல ரொம்ப உறுத்தற இடம்.

மூணாவது, பிரிஞ்சு இருக்கறது. அந்தப் பட்டினிக் குளிர்ல 40 மைல் கீழ பாயிண்ட் கம்ஃபர்ட்ல ஒரு சின்ன கோட்டையில சுமார் 30 பேர் காவலுக்கு இருந்தாங்க. அங்க நண்டு ஏராளம். தலைவர் மே மாசம் உடம்பு தேறி முதல் தடவையா அங்க போய்ப் பாத்தா எல்லாரும் நல்லா சாப்பிட்டு தெம்பா இருக்காங்க, மிச்ச நண்டைப் பன்னிக்குப் போட்டு வளத்துக்கிட்டு இருக்காங்க, ஜேம்ஸ்டவுனுக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பல. கோவத்துல சத்தம் போட்டுட்டு, கோட்டையில மிச்சம் இருக்கறவங்கள்ல பாதிப்பேரை இங்க கொண்டு வந்து தேத்தி அனுப்பறது, அப்புறம் மீதிப் பாதின்னு முடிவு பண்ணார். கிட்டத்தட்ட ஒரு வருஷம் முன்னாடி ஸ்டோர் சோளத்தை எலி தின்னப்ப ஸ்மித் பண்ண அதே வேலை. நவம்பர்ல ஆத்துல படகு போற அளவுக்கு ஆளும் பலமும் இருந்துச்சு, ஆனா கீழ என்ன நிலைமைன்னு யாரும் போய்ப் பாக்கல. மே மாசம் அடுத்த ஏத்தத்துல ஆளைக் கூட்டிட்டு வரலாம்னு இருந்தப்பதான் பெர்முடா கப்பல் ரெண்டும் விரிகுடாவுக்குள்ள வந்துச்சு. கூட்டிட்டு வர்றதுக்கு அப்ப மிச்சம் இருந்தது அந்த 60 பேர்தான்.